நாக்கைத் தூக்கிக் காட்டு

என்னை ஒரே இடத்தில் உட்காரச் சொன்னால் அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேண்டாம். ஊட்டியில் ஒரு மருத்துவமனையில் வேலை. நோய் தீரச் சாப்பிட்ட மருந்தாலேயே கல்லீரல் கெட்டுப்போனவர்களைத் தேடிப் பிடித்து விசாரிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. எந்த மாத்திரை, எப்போது வாந்தி தொடங்கியது, கண் எப்போது மஞ்சளாச்சு என்று கேட்டுக் கேட்டு, யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணின் வெள்ளையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் என்னைத் தப்பாக நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இப்படிப்பட்டவளின் சொந்த அக்காவுக்கே அது வந்தது.

அக்கா வீடு கோத்தகிரி போகிற வழியில் கட்டபெட்டில். மாமா வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அங்கே தீப்பெட்டி ஒன்று சட்டைப் பையில் இருந்தால்கூட உள்ளே விடமாட்டார்கள். ஒரு விதியை ஒருத்தன் மீறினால் பத்துக் குடும்பம் போய்விடும் என்று வாழ்ந்த மனிதர், வீட்டுக்கு வந்த பிறகும் மாறவில்லை. கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களே, அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் காலையில் போனை அணைத்து வாசல் பக்கத்து பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டுவிடுவார். ஷிஃப்ட் முடியும் நேரம் பார்த்துத்தான் வெளியே எடுப்பார். எந்த ஷிஃப்ட் என்று கேட்டால் முறைப்பார்.

அக்காவுக்கு டி.பி. என்று தெரிந்ததும் அந்த மனிதர் முழு மூச்சாக இறங்கிவிட்டார். மாத்திரை கொடுக்க வந்த சுகாதாரப் பணியாளர், ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். வாந்தி நிற்காவிட்டாலோ, கண் மஞ்சளானாலோ உடனே வாருங்கள் என்றும்தான் சொன்னார். மாமாவின் மண்டையில் முதல் இரண்டும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டன. மூன்றாவது நிற்கவில்லை. மருத்துவமனைக்காரர்கள் நாங்கள் எல்லோருமே அந்த முதல் வாக்கியத்தைத்தான் உரக்கச் சொல்கிறோம் என்பது என் கோபம். அதை மீட்டிங்கில் சொன்னால் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள்.

தினமும் காலையில், வெறும் வயிற்றில், அக்காவை நாற்காலியில் உட்கார வைப்பார். மாத்திரையைக் கொடுப்பார். முழுங்கியதும் டார்ச் அடிப்பார்.

"வாயத் தொற. நாக்கைத் தூக்கிக் காட்டு."

ஃபேக்டரியில் கேட்டில் சோதனை போடுகிற மாதிரிதான். அக்கா இதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். இப்படி ஒரு ஆள் எல்லா ஊட்டுலயும் இருந்தா டி.பி. எப்பவோ ஓடிப்போயிருக்கும் என்றுகூடச் சொன்னேன்.

அந்த மாதம் நான் நெல்லியாளம் பக்கம் எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்துகொண்டிருந்தேன். அவளோடு போனில் பேசுவதோடு சரி. ஊட்டிக்குத் திரும்பிய மறுநாள் காலையில் கூப்பிட்டேன். குரலே கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வாய்க்கு ஒண்ணுமே புடிக்க மாட்டேங்குதுடி. சோத்தைப் பாத்தாலே கொமட்டுது. ஒடம்பெல்லாம் அரிக்குது."

"ஒண்ணுக்கு எப்படிப் போகுது?"

"அதுதான் ஆரஞ்சாப் போகும்னு சொன்னாங்களே. இப்ப டிகாஷன் மாதிரிப் போகுது."

ஆரஞ்சு மருந்தின் நிறம், டிகாஷன் கல்லீரல் கெட்டதன் நிறம். இதைச் சொல்வதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"இன்னிக்கும் முழுங்கின ஒடனே வாந்தி. வாந்தி எடுத்தா கணக்குல சேராதுன்னு உங்க மாமா மறுபடி குடுப்பாரு. தெனமும் இதே கூத்துதான். இப்ப வயிறு அடங்கட்டும்னு பால் வாங்கப் போயிருக்காரு, வந்து..."

"அடிப் பாவி! முழுங்காதே! அக்கா, கேக்குதா? முழுங்காதே!"

லைன் போயிருந்தது. திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். சார்ஜ் போட மறந்திருப்பாள். மாமாவின் போன் பிஸ்கட் டப்பாவுக்குள் தூங்குகிறது. பிள்ளைகள் கோயம்புத்தூரில், அவர்களாலும் அதே இரண்டு நம்பர்களைத்தான் கூப்பிட முடியும். பையைக்கூட எடுக்காமல் கோத்தகிரி பஸ்ஸில் ஏறினேன்.

சீசன் நேரம். தொட்டபெட்டா பிரிவில் டூரிஸ்ட் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், படிக்கட்டுக்குப் போனேன், திரும்பி வந்தேன். ஹாரன் அடிங்க என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏனுங்க, எறங்கித் தள்ளப் போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

வேறு நாளாக இருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது. அவர் பதறிப்போய், "உக்காருங்கம்மா, போயிரலாம்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எங்கே உட்கார்வது? நான் விசாரித்த ஆட்களில் வீடு திரும்பாதவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவர்களும் இப்படித்தான் முதலில் சோறு பிடிக்கவில்லை என்றார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா டார்ச்சை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். கொடுத்து முடித்துவிட்டார்.

"வா கண்ணு, திடீர்னு வந்திருக்கே? உக்காரு, டீ வெக்கறேன்."

குளிருக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்தி, ஒரு மஞ்சள் பல்பு மட்டும் எரிகிற வீடு அது. அந்த வெளிச்சத்தில் எல்லோருமே மஞ்சள்தான். அக்காவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பனி விலகி வெயில் வந்திருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்.

"மாமா, இங்க வாங்க. அவ கண்ணைப் பாருங்க."

பார்த்தார். மஞ்சள் அப்பியிருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நானா? ஒரு நாளுகூட விடலையே. ஒரு நாளும் விடலையே நான்."

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது, அதே நேரம் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. பக்கத்து வீட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கே ஓடினோம்.

எல்லா மாத்திரையையும் நிறுத்தினார்கள். மற்றபடி காத்திருப்புதான். கல்லீரல் தானாகத் தேறவேண்டும், தேறாமலும் போகலாம். அது எனக்குத் தெரியும் என்பதுதான் என் கஷ்டம். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்பே லேப் வாசலில் போய் நின்று திட்டு வாங்கினேன். அக்கா சில நாள் யாரையும் அடையாளம் தெரியாதவள் மாதிரி மயங்கிக் கிடந்தாள். மாமா வராந்தாவில் ஒரே இடத்தில் நின்றார். என்னோடு ஒரே ஒரு தடவை பேசினார்.

"தெனமும் டார்ச் அடிச்சு வாயைப் பாத்தேன் கண்ணு. ரெண்டு வெரக்கடை மேல கண்ணைப் பாக்கலையே."

அவள் தேறினாள். மெதுவாக, எங்களை எல்லாம் நன்றாக ஆட்டி வைத்துவிட்டுத்தான் தேறினாள். ஆனால் டி.பி. அப்படியே இருக்கிறதே. கல்லீரலுக்கு அதிகம் ஆகாத மருந்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கவேண்டும், கூடவே ரத்தமும் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். முதல் மாத்திரை கொடுக்கிற காலையில் நர்ஸ் அதை மாமாவிடம் நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாமுங்க சிஸ்டர். நீங்களே குடுங்க. என் கையால வேண்டாம்."

அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நீங்க குடுத்தாத்தான் முழுங்குவேன்" என்றாள்.

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாங்கினார். மாத்திரை உள்ளங்கையில் உருண்டது. அக்கா அதை எடுத்துத் தண்ணீர் குடித்து முழுங்கினாள். பிறகு யாரும் கேட்காமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

மாமா வாயைப் பார்க்கவில்லை. ஜன்னல் திரையை விலக்கிவிட்டு வந்து, கட்டைவிரலால் அவளுடைய கீழ் இமையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நாக்கைத் தூக்கியபடியே இருந்தாள்.