முன் சீட்டில் கிடந்த துண்டு

பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. ஒப்பந்தக்காரர் விட்ட வேனின் முன் சீட்டில் டிரைவரே அதைக் காலையில் விரித்துவைப்பார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் காலனியில் நாங்கள்தான் முதலில் ஏறுவோம். வேன் காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் பின்னால் போய்விடுவோம், இடம் போதாவிட்டால் நிற்போம். முன் வரிசைகள் அடுத்த நிறுத்தத்தில் ஏறும் ஊர்த்தெருக்காரர்களுக்கு. யாரும் எழுதிவைக்கவில்லை, எங்கள் கால்களே பழகியிருந்தன. நெய்வேலிச் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே ஷிஃப்ட், ஒரே கரித்தூசு.

துண்டுக்குச் சொந்தக்காரர் எங்கள் சூப்பர்வைசர். அவரும் ஊர்த்தெருக்காரர்தான். ஒருநாள் டீ குடிக்கும்போது அமெரிக்கக் கதை ஒன்று சொன்னார். பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்த கறுப்பினப் பெண்ணைக் கைது செய்தார்களாம். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்களாம். கடைசியில் கோர்ட்டே பஸ்ஸில் இடம் பிரித்த அந்தச் சட்டம் செல்லாது என்றதாம். "நீங்க ஏன் பின்னாடியே நின்னுக்கினு வரீங்க? முன்னாடி உக்காருங்க" என்று முடித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதம் அது. ஆட்களைக் குறைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வம்புக்காரி என்று சொல்லி என்னை வெளியே அனுப்ப இதைவிட வசதி ஏது? என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இவ்வளவு பேசியவர் தன் துண்டை எடுத்தாரா என்றால், அதுவும் இல்லை. அவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தேன். ஒரு வாரம் பொறுத்துக் கேட்டேவிட்டேன்.

"ஏன் சார், பஸ்ஸுல எடம் விடாத அந்த அம்மாவுக்கு வேலை நெலைச்சுதுங்களா?"

தயங்கினார். "இல்லம்மா. போயிடுச்சு."

கெடுக்க நினைப்பவர் இதை மறைத்திருப்பார். நான் அப்படி நினைக்கவேண்டும் என்றே சொல்லியிருந்தால்? இந்தக் குழப்பம் தீராமலேதான் மறுநாள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த சீட்டில் உட்கார்ந்தேன்.

"அது சார் சீட்டு. எழுந்து பின்னாடி போ" என்றார் டிரைவர்.

"சார்தாங்க உக்காரச் சொன்னாரு" என்றேன்.

அடுத்த நிறுத்தத்தில் சூப்பர்வைசர் ஏறினார். ஊர்த்தெருக்காரர்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். துண்டை நீட்டினேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மைன்ஸ் கேட் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் வேலை தப்பியது. அடுத்த மாதம் அவர்தான் வேறு வேனுக்கு மாறினார். ஊர்க்காரர்கள் விரட்டினார்களா, என் எதிரில் நிற்க மனமில்லையா, இன்றுவரை தெரியாது.

இப்போது எங்கள் பெண்கள் ஏறியதும் முன்னால் உட்காருகிறார்கள். எப்போதாவது சீட்டில் யாருடைய துண்டாவது கிடக்கும். யாராவது நகர்ந்து "உக்காருங்க" என்றால், எதற்குச் சொல்கிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. துண்டை மடித்து உரியவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டேகூடச் சந்தேகப்படலாம்.