விசில் ஊத மறந்த மாஸ்டர்

கடல் தாண்டி வந்த ஈப்போவில் நான் போகும் காப்பிக் கடையின் சீன முதலாளி ஒருநாள் என்னைக் கண்டதும் இரண்டு விரல்களைக் காட்டினார். இரண்டு காப்பியா என்று கேட்கிறார் போலும் எனத் தலையாட்டினேன். இரண்டு காப்பி வந்தது. முந்தின நாள் எங்கள் பள்ளிக்கூடப் பையன்கள் கால்பந்தில் தோற்று வாங்கிய கோல்களைத்தான் அவர் காட்டினார் என்பது பிறகே தெரிந்தது. என் ஊரான மார்த்தாண்டத்தில் கடையில் உட்கார்ந்தால் வீட்டு நலம் கேட்பார்கள். இங்கே நான் யாருடைய மகன் என்பது ஒருவருக்கும் தெரியாது. கால்பந்து மாஸ்டர் என்பது ஊருக்கே தெரியும்.

சில வருடங்களில் அதுவே என்னைத் தின்றுவிட்டது. தோற்றால் உறக்கம் போயிற்று. ஜெயித்தாலோ அடுத்த ஆட்டத்தின் பயம் வந்தது. ஒரு மாலை விசிலை வாயில் வைத்தேன், ஊத முடியவில்லை. காத்து நின்ற பையன்களின் முகங்களைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. அந்த வெறுப்புதான் என்னை நடுங்க வைத்தது. வெள்ளைக்காரத் தலைமையாசிரியரிடம், என்னால் முடியவில்லை என்றேன். மலேரியா என்று நினைத்துக் கொய்னா மாத்திரை கொடுத்தார். அது பலிக்காததால் நீண்ட விடுப்பும் தந்தார். கப்பலேறினேன்.

ஊரில் அறுப்பு முடிந்த வயலில் என் பழைய கூட்டாளி நேசையன் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே தாசா, ஒராளு கொறவு. வாறியா?"

"நான் இப்போ ஆடுறதில்ல. சொல்லிக் குடுக்கதுதான் வேலை."

"இஞ்ச ஆருக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுக்காண்டாம். பின்னால நின்னு பந்தத் தடுத்தா போரும்."

வெறுங்காலில் ஓடினேன். நெல்தாள் குத்தியது. என்னைத் தாண்டிப் பந்து போய்க் கோலாயிற்று. நேசையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். தோற்றுவிட்டுச் சிரிக்க முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. விடுப்பு முடியும்வரை தினமும் ஆடினேன்.

ஈப்போ திரும்பியதும் தலைமையாசிரியரிடம், இனிமேல் அணித்தலைவன் இப்ராஹிம் பயிற்சி நடத்தட்டும், நான் பையன்களோடு சேர்ந்து ஆடுகிறேன் என்றேன். கொய்னா ஒருவழியாக வேலை செய்துவிட்டது என்று அவர் மகிழ்ந்தார்.

அந்த வருடம் கேடயத்துக்கான ஆட்டத்தில், முடியும் தறுவாயில் பந்து லியோங் என்ற சீனப் பையனின் காலுக்கு வந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான் என்னை மறந்து எழுந்து, "அடிலே மக்கா" என்று கத்தினேன். அடித்தான். வலை அதிர்ந்தது. பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அன்று பயம் வரவில்லை. நல்ல பசி வந்தது.

எங்கள் ஊரில் கூட்டாளியைக் கூப்பிடும் அந்த "மக்கா" என்ற சொல்லைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்போதும் மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது, பின்னாலிருந்து "மக்கா" என்று ஒரு குரல் கேட்கும். ஊர்க்காரன் எவனோ வந்திருக்கிறான் என்று சட்டென்று திரும்புவேன். லியோங் இப்ராஹிமிடம் பந்து கேட்டு ஓடிக்கொண்டிருப்பான்.