வாசில் ட்ரோபாக்குக்காக நின்ற கால்கள்

என் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா, எனக்குப் பெரியம்மா, வெர்னா ட்ரோபாக் நாற்பத்தோரு வருடம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவர். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டுப் போன வேலை. அப்பா இல்லாத வீடு, வேறு வழியில்லை. பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கம் சரிந்து அப்பா வாசில் உள்ளேயே போய்விட்டார், உடல்கூடக் கிடைக்கவில்லை என்று பெரியம்மாவின் அம்மா பரஸ்கா சொல்லியிருந்தாள்.

தவக்காலச் சனிக்கிழமைகளில் எங்கள் கோவிலில் பாதிரியார் ஒவ்வொரு வீட்டு இறந்தவர்களின் பெயரையும் வாசிப்பார். வாசில் பெயருக்குப் பெரியம்மா எழுந்து நிற்பார். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆன வருடம்கூட உட்காரவில்லை.

எண்பது வயதில் அவருக்கு ஒரே ஆசை. "அம்மா கல்லறைக் கல்லுல அப்பா பேரையும் வெட்டணும்டி. பொறந்த வருஷம் தெரியல. கம்ப்யூட்டர்ல பாரேன்."

அப்போதுதான் அமெரிக்காவின் 1950 மக்கள்தொகைக் கணக்கைத் திறந்துவிட்டிருந்தார்கள், எழுபத்திரண்டு வருடம் பூட்டி வைத்தபின். ட்ரோபாக் என்ற குடும்பப் பெயர் எங்காவது வந்தால் பழைய சொந்தங்களைப் பிடிக்கலாம், அவர்களிடம் கேட்கலாம் என்று தேடினேன். ஒஹாயோவில், அக்ரன் நகரில், ஒரு வீடு வந்தது. வாசில் ட்ரோபாக், வயது 38, பிறந்தது பென்சில்வேனியா, டயர் தொழிற்சாலை வேலை. மனைவி ஐரீன். மகள் வெர்னா, வயது இரண்டு.

ச்சீ! பெற்ற மகளை விட்டுவிட்டு ஓடியவன், அவள் பெயரையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். இங்கே இவர்கள் தவக்காலத்தில் இறைச்சி தொடாமல் அவன் ஆத்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய நாட்களில் அவன் அங்கே தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்திருக்கிறான்.

பெரியம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நம்ம வீட்டப் பாரு," என்றார்.

பார்த்தேன். பரஸ்கா ட்ரோபாக், வயது 34. திருமண நிலை: பிரிந்து வாழ்பவர்.

"அந்தக் கணக்கெடுக்கிற பொம்பள வந்தப்போ எனக்கு எட்டு வயசு," என்றார் பெரியம்மா. "கொடியில துணியெல்லாம் சொட்டச் சொட்ட இருந்துச்சு. போய் எடுத்துட்டு வாடின்னு அம்மா என்னை வெளிய தள்ளினா. ஈரத்துணிய எதுக்கு எடுக்கச் சொல்றான்னு அன்னிக்கே நெனச்சேன்."

"உங்ககிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே, பெரியம்மா."

"புருஷன் விட்டுட்டு ஓடினவன்னா ஊரு அவளத்தான்டி காறித் துப்பும். செத்தான்னா ரொட்டி கொண்டாந்து குடுக்கும்." திரையை விட்டுத் திரும்பினார். "தூ! அந்த நாய்க்காகவா நான் காலு கடுக்க நின்னேன்."

இறந்தவர் பெயர் வாசிக்கும் அடுத்த சனிக்கிழமை பாதிரியார் எங்கள் குடும்பப் பட்டியலுக்கு வந்தார். "வாசில்," என்றார். எல்லோரும் நின்றோம். பெரியம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பக்கத்திலிருந்த ஓல்கா குனிந்து, "ஏன் வெர்னா, முட்டி வலிக்குதா?" என்று கேட்டார்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு."

"பரஸ்கா," என்று பாதிரியார் வாசித்தார். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா எழுந்து நின்றார்.