ரோஸியின் சால்வையில் என் ஊசி

ரோஸி டீச்சர் இன்று காலை அவள் ஊர் தளியில் இறந்துபோய்விட்டாள்...

அவள் தங்கை மகன் போன் செய்தான். எண்பத்தேழு வயதில் மொபைலில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. ஓசூரில் ஒரே ஸ்கூலில் இருவருக்கும் வேலை. அவளுக்குத் தலைப்பிரசவம், ஐந்தாம் மாதம்.

குழந்தைக்கு லேஸ் சால்வை பின்னலாம் என்று ஆரம்பித்தது நான்தான்.

"வாணாம் சரோ. பொறக்கறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கி வெக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்."

"எந்தக் காலத்துல இருக்கற நீ? லேஸ் பின்னல் என்ன ஒரு வாரத்துல முடியற வேலையா? குளுருக்குள்ள முடிக்க வாணாமா?"

அப்போது எனக்கு வாய் அதிகம்.

ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து பெங்களூர் போனோம். அவள் கை நேராகத் தடிமனான உல்லன் நூலுக்குப் போனது. தளி குளிருக்கு அதுதான் தாங்குமாம். தடி நூலில் லேஸ் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும் என்று நான் மெல்லிசு நூலை எடுத்தேன். கழுத்தில் தேய்த்துப் பார்த்தாள்... குத்தவில்லை.

கடைக்காரர் வெள்ளையை நீட்டினார். "அது மட்டும் வாணாங்க" என்றாள். கோடித்துணி நிறமாம். இளமஞ்சள் வாங்கினோம்.

பின்னல் ஊசிக்கு எங்கள் எல்லாருக்கும் சைக்கிள் சக்கரக் கம்பிதான். அதில் பின்னினால் இழை இறுகிப்போய் ஓட்டையே தெரியவில்லை. லேஸுக்கு நூல் மெல்லிசாகவும் ஊசி தடியாகவும் இருக்க வேண்டும். என்னிடம் இருந்த ஒரே ஜோடி மூங்கில் ஊசியைக் கொடுத்தேன். தொலைந்துவிடக் கூடாதென்று அதில் "சரோ" என்று கீறி வைத்திருந்தேன்.

பாதி சால்வை ஆனபோது பிரசவம்... எட்டாம் மாதமே. ஆண் குழந்தை. மூன்று நாள் இருந்தது.

லீவு முடிந்து வந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தையே இல்லை. நானும் ஊசியைத் திருப்பிக் கேட்கவில்லை. சால்வையை எரித்திருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

இன்று அந்தப் பையன் சொல்கிறான்: "பெட்டியில பாதி பின்னின மஞ்ச சால்வை இருக்குது பெரிம்மா. ஊசி அதுலயே இருக்குது, சரோன்னு கீறியிருக்குது. உங்களுதுதானே? உருவிக் குடுத்தனுப்பட்டுமா?"

"உருவாத சாமி. உருவினா பின்னல் அவுந்துடும். அப்படியே அவ கூட வெச்சுடு."

நாலு மணிக்கு அடக்கம். என் முட்டி பஸ் ஏற விடாது.

அவசரப்பட்டது நான்தான் ரோஸி. மன்னிச்சுக்கோ.

போயிட்டு வா...