துப்பாக்கிக்கு நாதம் பார்த்த என் தம்பி

தம்பி இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், ஓமானிலிருந்து லீவு போட்டு வந்திருக்கும் பட்டறைத் தோழர்களுக்கும் மூத்தவனின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நல்லபடியாக எழுதித் தர ஆள் இருக்கிறது என்றார் அச்சகத்துக்காரர். நானே எழுதுவேன் என்று பிடிவாதமாக நின்றேன். காரணம் உண்டு. போன வருடம் தம்பியின் உடல் வீடு வந்து சேர்ந்த அன்று, தம்பி மனைவி எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டார்: “மாமா, அவரு உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களா?” ஒன்றும் சொல்லவில்லை அம்மணி என்றேன். அது பொய். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இன்னொரு திதிக்கு என்னால் உட்கார முடியாது.

தம்பி நாமக்கல்லில் ஒரு லைன் வீட்டில், எனக்கு ஒன்பது வருடம் இளையவராகப் பிறந்தார். அப்பா லாரியில் போனவர் திரும்பி வரவில்லை. நான் சம்பாதிக்கப் போனேன், தம்பி பதினான்கு வயதில் லாரிப் பட்டறையில் சேர்ந்தார். அங்கே கற்றதுதான் கடைசிவரை அவருக்குச் சோறு போட்டது. சக்கரத்தின் டிரம்மைச் சுத்தியலால் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். கணீரென்றால் நல்ல இரும்பு. டொக்கென்றால் உள்ளே விரிசல். அந்தக் கணீருக்கு அந்தப் பட்டறையில் நாதம் என்று பெயர். நாதம் இல்லை என்று தம்பி சொன்ன எந்த இரும்பும் வண்டியில் ஏறியதில்லை.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லியாக வேண்டும். ஓமானில் சோஹார் துறைமுகத்துக்கு ஹெல்ப்பராகப் போனவன் நான். இன்று லேத்தும் வெல்டிங்குமாகப் பெரிய பட்டறை. துறைமுகத்துக் கம்பெனிகளில் என் ஆள் போய் வேலை பார்க்காத கம்பெனி கிடையாது. எந்த ஆபீசுக்குள்ளும் செருப்போடு போய் உட்கார்ந்து டீ குடிப்பேன். தம்பிக்கு விசா எடுத்ததும் நான்தான். அவர் வந்த பிறகுதான் பட்டறைக்கு மரியாதை வந்தது என்பதை அவர் இருந்தவரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

பட்டறை எங்கள் அர்பாப் பெயரில் இருக்கிறது. அர்பாப் என்றால் முதலாளி; காகிதத்தில் அவர், நடத்துவது நான். ஓமானி, நல்ல மனிதர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பறவை வேட்டை என்றால் உயிரை விடுவார். ஓமானில் சுடக் கூடாது என்பதால் வருடம் ஒருமுறை, அனுமதி கிடைக்கிற வெளிநாட்டுக்குப் போய் மலைச்சரிவில் கௌதாரி சுட்டு வருவார். அவருடைய பழைய துப்பாக்கி கனம், தோள் வலி தாங்கவில்லை. இலேசான இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வேண்டும், பென்ஷன் பணத்துக்குள் அடங்க வேண்டும் என்றார். லைசென்ஸ் அவரிடம் இருக்கிறது. மலிவாக வாங்கி ஏமாந்துவிடுவோமோ என்று பயம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே. “மேரா பாய் லோஹே கா டாக்டர்” என்றேன். என் தம்பி இரும்புக்கு டாக்டர் என்று அர்த்தம். அந்த வாரம் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகத் திங்கட்கிழமை ஒரு நாள் லீவு கேட்டிருந்தார். களைப்பாக இருக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். அர்பாப் வேலை முடியட்டும் என்று அந்த நாளில் மஸ்கட்டில் இருக்கும் துப்பாக்கிக் கடைக்குத் தம்பியையும் அர்பாப்பையும் கூட்டிப்போனேன்.

கடையில் எங்கள் கைக்கு எட்டும் விலையில் இரண்டுதான் இருந்தன. ஒன்று பளபளவென்று, பக்கத் தகட்டில் பறவையும் பூவும் செதுக்கியது. இன்னொன்று ஒருவர் வைத்திருந்து விற்றது, கட்டையெல்லாம் கீறல். நான் பளபளப்பானதைக் கையில் எடுத்துவிட்டேன். அர்பாப்புக்கும் அதன் மேல்தான் கண்.

தம்பி இரண்டையும் அர்பாப் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம் குழல்களைத் தனியாகக் கழற்றித் தரச் சொன்னார். இரட்டைக்குழல் என்பது இரண்டு குழாயைப் பக்கம் பக்கமாக வைத்து ஈயம் மாதிரி ஊற்றிப் பற்றவைத்தது. அந்தப் பற்று விட்டுப்போனால் வெளியே தெரியாது. தம்பி குழலுக்கு அடியில் இருக்கும் கொக்கியை ஒற்றை விரலில் மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினார். பளபளப்பானது டொக்கென்றது. கீறல் விழுந்தது கோயில் மணி மாதிரி கணீரென்று இழுத்துக்கொண்டே போனது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதுல நாதம் இல்லீங்ணா” என்று பளபளப்பானதைத் தள்ளிவைத்தார் தம்பி.

கடைக்காரர் சிரித்தார். துப்பாக்கி வாங்க வந்தீர்களா, தபேலா வாங்க வந்தீர்களா என்று இந்தியில் கேட்டார். நான் விடவில்லை. உன் மெக்கானிக்கைக் கூப்பிடு என்றேன். அந்த மெக்கானிக் உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு குழலுக்கும் நடுவில் பற்று விட்டிருக்கிறது என்று மெதுவாக ஒப்புக்கொண்டார். அர்பாப் கீறல் விழுந்ததையே வாங்கினார். தம்பி தோளில் கை வைத்து “உஸ்தாத்” என்றார், ஆசான் என்று அர்த்தம். எனக்குத் தலை கால் புரியவில்லை. யாருக்குத் தம்பி?

திரும்பும் வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். தம்பி இறங்கவில்லை. நெஞ்சில் விரல் முட்டியை வைத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

“எனக்கும் உள்ள நாதம் செரியில்லீங்ணா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்ப உன்னையும் கழட்டித் தொங்கவிட்டுத் தட்டிப் பாத்தர்லாமா சாமி?” என்றேன். அர்பாப்புக்கும் அதை இந்தியில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். தம்பியும் சிரித்தார். கேஸாக இருக்கும் என்று ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். துறைமுக வேலை முடிந்ததும் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி போகலாம் என்றேன். சரிங்ணா என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வரவேயில்லை. புதன் காலை லேத் ஓடிக்கொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். யார் யாரையோ தெரியும் என்று முப்பது வருடம் பேசினேனே, ஆஸ்பத்திரி வராந்தாவில் போனில் இருந்த அத்தனை பெயருக்கும் அடித்தேன். யார் எடுத்து என்ன செய்ய முடியும்? டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் இந்த ஊரில் பெரிய ஆள், எப்படியாவது செய்யுங்கள் என்று ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி அழுதேன். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்றார் அவர். மீதியை நான் கேட்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. தம்பியின் கண்ணை மூடிவிட்டு எனக்காக ஜெபித்த கன்னியாகுமரி நர்ஸம்மாவுக்கு நன்றி. சோறு தண்ணி இல்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்த ரூம்காரர்களுக்கு நன்றி. ஒவ்வொரு கவுண்டரிலும் தானே நின்று காகிதம் முடித்து உடலை அனுப்பிவைத்த அர்பாப்புக்கு நன்றி. அவர் இந்த வருடம் வேட்டைக்குப் போகவில்லை. துப்பாக்கியைத் துடைக்கும்போதெல்லாம் குழலைக் கழற்றித் தட்டிப் பார்க்கிறாராம். உஸ்தாத் சொன்ன சத்தம் அப்படியே இருக்கிறது என்று போன மாதம் என்னிடம் சொன்னார். நான் பட்டறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இறந்தவரை அவர் என்றுதான் போட வேண்டும் என்று அச்சகத்துக்காரர் சொன்னதால் இவ்வளவு தூரம் அவர் என்று எழுதிவிட்டேன். இனி முடியவில்லை. அவன் என் தம்பி. இரும்பில் நாதம் இல்லை என்று அவன் சொன்னதும் நம்பி, ஒரு கடையையே எதிர்த்து நின்றேன். தன் நெஞ்சில் இல்லை என்று அதே வாயால் சொன்னபோது நான் நம்பவில்லை.

அம்மணி, நீ கேட்டதற்கு ஊர் முன்னால் பதில் எழுதுகிறேன். சொன்னான். என்னிடம் சொன்னான்.