ஒயில் கூலரில் சிக்கிய செவ்வந்தி

கடுகண்ணாவையில் பிரதான வீதியைப் பார்த்தபடி இருக்கும் என் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில், நான் உட்காரும் கதிரைக்கு மேலே உள்ள தட்டில் ஒரு பழைய ஒயில் கூலர் இருக்கிறது. ரேடியேட்டரின் குட்டி மாதிரி இருக்கும். மெல்லிய அலுமினியத் தகடுகள், ஓரத்தில் ஹோஸ் பூட்டுகிற இரண்டு வாய்கள். அது விற்பதற்கல்ல. போன வாரம் வங்கியில் வேலை செய்கிற ஓர் இளைஞர் வந்தார். "அக்கா, டேர்போ வண்டிக்கு ஒயில் கூலர் கட்டாயம் வேணுமா? இன்டர்நெட்டுல ஒருத்தன் வேணுங்கிறான், இன்னொருத்தன் சும்மா செலவுங்கிறான்" என்று கேட்டபடியே எட்டி அதை எடுத்தார். தகடுகளுக்கு நடுவே கறுத்துப்போய் ஒட்டியிருக்கும் பூவிதழ்களை நகத்தால் சுரண்டப் போனார். நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை ரொட்டிக்காரர் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

அந்த இளைஞர் கேட்டது நியாயமான கேள்விதான். கண்டிக்கும் பேராதனைக்கும் இடையில் வேலைக்குப் போய்வருகிற வண்டிக்கு ஒயில் கூலர் தேவையில்லை. விடியற்காலைக் குளிரில் எண்ணெய் சூடேறவே நேரம் எடுக்கும். அதை இன்னும் குளிரவைத்து என்ன செய்வது? ஆனால் மலை ஏறுகிற போட்டிக்குப் போகிற வண்டி என்றால் கதை வேறு. எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கொடுக்கிற டேர்போவின் சக்கரம், எஞ்சின் தள்ளுகிற சூடான புகையில்தான் சுற்றுகிறது. அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்து நிற்கும் அந்தச் சாமானைக் காப்பாற்றுவது உள்ளே ஓடுகிற எண்ணெய். அந்த எண்ணெயை ஆற்றுவதற்கு வழி இருக்க வேண்டும். இதைச் சொல்லித்தருவதற்கு இன்டர்நெட் தேவையில்லை. எங்கள் வீட்டில் இதற்குக் கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

ஜப்பானிலிருந்து பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. கண்டி டவுனில் ஒரு முதலாளியிடம் நானும் அண்ணனும் வேலை செய்தோம். நான் அவருடைய ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில். அண்ணன் பின்னால் இருந்த கராஜில். முதலாளி கெட்ட மனிதர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திருவிழாவுக்குக் கொடுப்பார், தேர்ச் செலவுக்குக் கொடுப்பார். கொடுத்ததில் எல்லாம் கடையின் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோயிலுக்கு அவர் கொடுத்த டியூப் லைட்டில் 'உபயம்' என்று தொடங்கி, கடையின் பெயரைச் சிவப்பில் எழுதிய எழுத்து, லைட்டின் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிட்டது. அந்த லைட்டுக்குக் கீழே நின்று ஐயரே திருநீற்றுத் தட்டைத் தடவித் தேடுவார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்திருக்கக் கூடாது.

அவர் ஒரு டேர்போ கார் வாங்கினார். ஓட்டுவதற்கு அண்ணன். வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாதையை மறித்து மலையேற்றப் போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலாளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அண்ணன் அடக்கமான ஆள் இல்லை. "ஒயில் கூலர் போடாம நா ஏறமாட்டேன் மொதலாளி, வேற ஆளப் பாருங்க" என்று கடைக்குள் வந்து, வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே கத்தினான். "ஜப்பான்காரன் போடாதத நீ போடப்போறியா?" என்று அவர் கேட்டார். "ஜப்பான்காரன் இந்த மலையில ஏறலயே" என்றான் இவன். இப்படியே பல நாள் இழுபட்டது. கடைசியில் முதலாளி இறங்கிவந்தார். கூலர் வந்தது. முன் பம்பருக்குக் கீழே இருக்கும் அகன்ற வாய்க்குப் பின்னால், காற்று நேராக அடிக்கிற இடத்தில் அண்ணன் அதைப் பூட்டினான். ஓட்டிப்பார்த்தான். எண்ணெய்ச் சூடு காட்டுகிற முள் நடுவைத் தாண்டவில்லை. அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

இனி அம்மாவைச் சொல்ல வேண்டும். ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்குப் பக்கத்தில் கைப்பிடி நிலத்தில் செவ்வந்தி போட்டிருந்தாள். சரஸ்வதி பூசைக்குத் தோட்டத்து லொறி, டிரக்டர், டிஸ்பென்சரி வேன் எல்லாவற்றுக்கும் அவள் கட்டின மாலைதான். "அம்மா கையால மாலை விழுந்தா பிரேக் பிடிக்காத வண்டியும் நிக்கும்" என்று லொறி டிரைவர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். ஆனால் மாலை இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. போட்டிக்கு மாலை கட்டச் சொல்லி முதலாளியே ஆள் அனுப்பினார். அம்மா இருந்த பூவையெல்லாம் பறித்து, முழங்கை தடிப்பில் ஒன்று கட்டினாள்.

காலையில் கண்டியில் பூசை முடித்து, முன்பக்கம் கட்டிய மாலையோடுதான் கார் வத்தேகம வரை போனது. அம்மாவும் நானும் வேனில் பின்னால் போனோம். அங்கே இறங்கியதும் அண்ணன் மாலையை அவிழ்த்து அம்மாவின் கழுத்திலேயே போட்டான். "நீதான் ஜெயிச்ச" என்றான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் முதலாளி வேனிலிருந்து ஒரு பலகையை இறக்கினார். தகரத்தில் அடித்த கடைப் பெயர், டெலிபோன் நம்பரோடு. அதை வைப்பதற்கு அவருக்குக் கிடைத்த இடம் பம்பருக்குக் கீழே இருந்த அந்த வாய். படம் எடுக்கிறவர்களுக்கு அங்கேதான் நன்றாகத் தெரியுமாம். தானே குனிந்து ஸ்க்ரூ போட்டு முறுக்கினார்.

ஒத்திகைக்கு ஒரு தடவை ஏறி இறங்கிய அண்ணன் சிவந்த முகத்தோடு வந்தான். "முள்ளு மேல போயிருச்சி மொதலாளி. போர்டக் கழட்டுங்க, காத்துப் போகல" என்றான். நான் பக்கத்தில் நின்றேன், என் இரண்டு காதாலும் கேட்டேன். முதலாளி அவன் தோளில் தட்டி, "இன்னும் ஒரே ஒரு ஓட்டம்தானேடா. எல்லாரும் பாக்கிற நேரத்தில கழட்டச் சொல்றியே" என்றார். கடைக்குள் வந்து கத்திய அதே அண்ணன் அங்கே கத்தவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், சனம் பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். அவன் மேலும் எனக்குக் கோபம்தான்.

மேல் வளைவில் புகை தெரிந்தது. கொதித்து நீர்த்துப்போன எண்ணெய் ஹோஸ் பூட்டிய இடத்தைப் பிய்த்துக்கொண்டு டேர்போவின் மேல் பாய்ந்து பற்றிக்கொண்டது. அண்ணன் இறங்கியதோடு விடவில்லை. முதலாளியின் காரைக் காப்பாற்றப் போய் வெறுங்கையால் பொனட்டைத் திறந்தான். தோட்டத்துச் சனம் மண்ணை அள்ளி வீசி அணைத்தது. கார் பாதி மிஞ்சியது. அவன் வலது கையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிறகு ஒரு ஸ்பேனரைக்கூடப் பிடிக்க வரவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் அவன் படுத்திருக்க, அம்மா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் முதலாளி வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய ஒயில் கூலர். அதை அம்மாவுக்கு முன்னால் விரித்து, தகடுகளுக்கு நடுவிலிருந்து ஓர் இதழை மெல்ல உருவி எடுத்துக் காட்டினார். "பாருங்கம்மா, பூவெல்லாம் உள்ள போயி அடைச்சிருக்கு. காத்து எப்படிப் போகும்? உங்க மேல குத்தம் இல்ல. பாசத்துல கட்டுனீங்க" என்றார். எவ்வளவு மென்மையாகச் சொன்னார் தெரியுமா! ஏசியிருந்தால் அம்மா நம்பியிருக்கமாட்டாள். வத்தேகமவுக்குப் போகும் வழியில் மாலையிலிருந்து உதிர்ந்த ஐந்தாறு இதழ்கள், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒரு தகரப் பலகையைச் செவ்வந்தி இதழுக்குள் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். "போர்டு எங்க மொதலாளி?" என்று கேட்டேன். "தங்கச்சி, ஆஸ்பத்திரியில சத்தம் போடாத" என்றார். வாங்கில் அவர் விட்டுப்போன கூலரை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போகவில்லை. கராஜில் இருந்த காரை மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பம்பரில் பலகை இல்லை, முறுக்கிய ஓட்டைகள் இருந்தன.

நாங்கள் அம்மாவிடம் சொல்லாமல் இல்லை. அண்ணன் கட்டுப்போட்ட கையை நீட்டி, "பூவால இல்லம்மா, போர்டாலதான்" என்று எத்தனையோ தரம் சொன்னான். அவள் அவன் தலையைத் தடவி, "எம் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றப்பா நீ" என்பாள். என்ன சொன்னாலும் அது அவளுக்கு ஆறுதல் பேச்சாகவே கேட்டது. உண்மையை எந்தப் பக்கமாகக் கொண்டுபோனாலும் உள்ளே விடாத ஒரு கதவை அந்த மனுசன் பூட்டிவிட்டுப் போயிருந்தார். செவ்வந்திச் செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தாள். அடுத்த சரஸ்வதி பூசைக்கு லொறி டிரைவர்கள் வந்து கூப்பிட்டபோது கதவைச் சாத்திக்கொண்டாள். சாமிப் படத்துக்குக்கூட அவள் பிறகு பூ வைக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

அம்மா செத்த அன்றைக்கு முதலாளி வந்தார். வயதாகி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேனிலிருந்து பெரிய மாலையை இறக்கினார்கள். செவ்வந்தி. நடுவில் ஓர் அட்டை, அதில் கடையின் பெயர். அதை அம்மாவின் நெஞ்சில் வைக்கப் போனபோது நான் கையை மறித்தேன். "அந்தப் போர்டப் பத்தி இப்பவாவது அவகிட்ட சொல்லுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நடிக்கவில்லை, அது எனக்குத் தெரிந்தது. "எந்த போர்டும்மா?" என்று கேட்டார். எங்கள் வீட்டைத் தின்ற விசயம் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. அண்ணன் ஒட்டிப்போன விரல்களால் அந்த மாலையை வாங்கி வெளியே கொண்டுபோய், வேலியில் போட்டுவிட்டு வந்தான்.

போன வாரம் நான் போட்ட சத்தத்தில் அந்த வங்கி இளைஞர் கூலரை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, "சொறி அக்கா" என்றார். பாவம், அவர் என்ன செய்தார்! வண்டியை எதற்கு ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். நண்பர்களோடு மலைப் போட்டிகளுக்குப் போகிறாராம். அப்படியானால் கட்டாயம் போடுங்கள் என்றேன். காரைப் பார்ப்பதற்கு வெளியே வந்தேன். நீலக் கார், துடைத்து மினுக்கி வைத்திருந்தார். முன் பம்பருக்குக் கீழே, அகன்ற வாயை முழுக்க மறைத்துக்கொண்டு ஒரு பலகை.

"அது எங்க கிளப் பேரு அக்கா" என்றார் பெருமையாக.

நான் உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, வீதியோரத்தில் முழங்காலிட்டு, அதைக் கழற்றினேன்.