வெறும் வெளியில் தெரியும் விசை

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாமிலிருந்து நகர மையத்துக்குப் போகும் பேருந்தில், இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்குக் கேட்கும்படி நன்றி சொல்கிறார்கள். வந்த புதிதில் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு இறங்குவேன். மனதுக்குள் சொன்னது எதுவும் இந்த ஊரில் செல்லாது என்று அப்போது தெரியவில்லை.

பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது. அதை விரிக்கும் இருண்ட ஆற்றல், எங்கும் பரவிய, திசையின்றி அளவு மட்டுமே கொண்ட ஒரு ஸ்கேலார் புலமாக இருக்கலாம். அது பொருளோடு உறவாடினால் ஈர்ப்பு விசை சற்றுக் கூட வேண்டும். பூமியில் அளந்தால் கூடவில்லை. பொருள் அடர்ந்த இடத்தில் அந்தப் புலம் அடங்கிவிடும், வெறும் வெளியில்தான் வேலையைக் காட்டும் என்பது ஒரு விளக்கம். விண்மீன் மண்டலங்களே அரிதான வெளிகளில் அதைத் தேடும் வழிதான் என் ஆய்வு. சமன்பாடு, கணினி நிரல், பிழைதிருத்தம் மூன்றும் நான் செய்தவை.

போன மாதக் கருத்தரங்கில் என் வழிகாட்டி கிரெய்க் அதை எடுத்துரைத்தார். "பூமியில் ஏன் தெரியவில்லை?" என்று ஒருவர் கேட்டார். கிரெய்க் மாணவர்கள் எங்கள் பக்கம் பார்த்தார். மதுரையில் என் பேராசிரியர் "நீ சொல்லும்மா" என்பார். அதற்குப் பிறகே எழுவோம். அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். சக மாணவன் லியம், என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டான். இந்த வாரம் வந்த எங்கள் ஆய்வுக் கட்டுரையின் வரைவில், ஆசிரியர் வரிசையின் முதல் பெயர் அவனுடையது. என் அடுத்த வேலையும் விசாவும் அந்த முதல் பெயரை நம்பித்தான் இருக்கின்றன.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஜெசிந்தா அக்கா, இலங்கையின் மன்னார்க்காரர், நர்ஸ். "நீர் வாயைத் திறக்கேல்லை எண்டா அந்தாளுக்கு என்னெண்டு தெரியும்?" என்றார்.

"அவர் என்னைக் கேக்கலையே அக்கா."

"ஓம், வெத்திலை பாக்கு வச்சு அழைப்பினம். இரும்."

கிரெய்க்கிடம் போய் முதல் பெயரைப் பற்றிக் கேட்டேன். "வாரக் கூட்டங்களிலும் லியம்தானே விளக்கினான்?" என்றார்.

"செய்தது நான்."

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீயே விளக்கு, பெயரை மாற்றிவிடலாம்." சிரித்தபடி தேநீர் ஊற்றினார். அந்தச் சிரிப்பில் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. என் வேலைக்கு நானே சாட்சி சொல்ல வேண்டுமாம். பேசாமல் இருந்ததற்காக என்னை நல்ல பெண் என்று பாராட்டி வளர்த்த வகுப்பறைகள் மேலும் அதே அளவு கோபம்.

வெள்ளிக்கிழமை அதே கேள்வி வந்தது. லியம் முன்னால் சாய்ந்தான். என் கை தானாக மேலே போயிற்று. இங்கே யாரும் கை தூக்குவதில்லை, இருவர் சிரித்தார்கள். "இது என் கணக்கு, நான் சொல்கிறேன்" என்று தொடங்கினேன். வாய் ஆக்லாந்தில் பேசிக்கொண்டே போனது. கை மட்டும் இறங்கவில்லை. மதுரையில் யாரோ அனுமதி தரட்டும் என்று நின்றுகொண்டிருந்தது.